டெட் ஸ்பேஸ் 3: அவேக்கண்ட் – அந்த இரண்டு மணி நேர டிஎல்சி பற்றிப் பேசலாம் (ஸ்பாய்லர் உண்டு)

பனித்தடம்

இந்த வாரம் டெட் ஸ்பேஸ் 3 என்ற விண்வெளித் திகில் வீடியோ கேமை முதலிலிருந்து மறுபடி ஆடினேன். முடித்த கையோடு அதன் டிஎல்சி-யான (தனியாக வாங்க வேண்டிய கூடுதல் பகுதி) அவேக்கண்டையும் ஆடிவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விடவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஆடியபோது சரியாகப் பிடிபடாத ஒன்று இந்த முறை பிடிபட்டது. அதை எழுதிவிடலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் தெரியாதவர்களுக்கு. மூன்றாம் பாகம் 2013 பிப்ரவரி 5 அன்று வந்தது. அவேக்கண்ட் மார்ச் 12 அன்று வந்தது. சரியாக ஐந்து வாரம். அப்போது விலை 9.99 டாலர், ஆட சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். மூன்றாம் பாகத்தின் கடைசியில் நாயகன் ஐசக்கும் கூட வரும் சிப்பாய் கார்வரும் டாவ் வொலாண்டிஸ் என்ற பனிக் கோளில் ஒரு நிலாவோடு (நிலா அளவுக்குப் பெரிய, உயிர்களைத் தின்னும் மிருகம்) சேர்ந்து விழுகிறார்கள். செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்போம். க்ரெடிட்ஸ் ஓடி முடிந்த பிறகு ஐசக்கின் குரல் மட்டும் முன்னாள் காதலி எல்லியின் பெயரைச் சொல்லும். அவேக்கண்ட் அந்தக் குரலிலிருந்து தொடங்குகிறது. இரண்டு பேரும் கண் விழிக்கிறார்கள். எப்படிப் பிழைத்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இந்த முறை எனக்குத் தட்டுப்பட்டது இதுதான். மூன்றாம் பாகத்தில் காணாமல்போயிருந்த பயம் இந்தச் சின்னத் துண்டில் திரும்ப வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்தது புது மிருகமோ புதுத் துப்பாக்கியோ இல்லை. "வீட்டுக்குப் போகலாமா, கூடாதா" என்று இரண்டு ஆண்கள் போடும் சண்டைதான் அதைக் கொண்டுவருகிறது.

யோசித்துப் பாருங்கள். டாவ் வொலாண்டிஸில் இருந்த நிலா அழிந்தது, ஆனால் அதைப்போன்ற மற்ற நிலாக்கள் விழித்துக்கொண்டன. பூமி எங்கே இருக்கிறது என்று அவை தேடுகின்றன. மனதைக் கலைக்கும் மார்க்கர் என்ற வேற்றுலகக் கல் தொட்ட மனங்களில் ஒன்று ஐசக்கினுடையது. அப்படியென்றால் அவர் நினைவே வழிகாட்டி ஆகிவிடலாம். பூமிக்குப் போய் எச்சரிக்க வேண்டும் என்பதும் நியாயம், போகவே கூடாது என்பதும் நியாயம். முன்பெல்லாம் இந்தத் தொடரில் தப்பித்து ஓடுவதில் எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. கப்பல் எங்கே என்று தேடுவேன், ஏறுவேன், கிளம்புவேன். இங்கே டெர்ரா நோவா என்ற பழைய கப்பலின் எஞ்சினைச் சரிசெய்ய ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் "நான் செய்வது சரிதானா" என்ற கேள்வி கூடவே வந்தது. என் கையில் இருக்கும் பணியே எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முதல்பாகம்

மரியாதையோடு மறுக்கிறேன். நான் 2008 அக்டோபரில் முதல் பாகம் வந்ததிலிருந்து இந்தத் தொடரோடு இருப்பவன். அவேக்கண்ட் நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. நன்றாக இருப்பதால்தான் கோபமே. 19 அத்தியாயம் ஆடி முடித்தவனுக்குக் கதையின் முடிவைத் தராமல், ஐந்து வாரம் கழித்து "இன்னும் கொஞ்சம் பணம் கொடு, முடிவு தருகிறேன்" என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

செவர்டு அப்படி இல்லை. இரண்டாம் பாகத்துக்கு 2011 மார்ச்சில் வந்த டிஎல்சி. இரண்டே அத்தியாயம். கேப் வெல்லரும் லெக்ஸினும் தொடரின் முன்கதை விளையாட்டான எக்ஸ்ட்ராக்‌ஷனில் வந்தவர்கள். ஐசக்கின் கதை இரண்டாம் பாகத்திலேயே முழுதாக முடிந்திருந்தது. அதே விண்வெளி நிலையத்தில் வேறு இரண்டு பேருக்கு அதே நேரத்தில் என்ன நடந்தது என்று பக்கவாட்டில் காட்டினார்கள். வேண்டுமென்றால் வாங்கலாம், வேண்டாமென்றால் எதையும் இழக்கவில்லை. டிஎல்சி என்றால் அப்படி இருக்க வேண்டும். அவேக்கண்டை விட்டவனுக்கு மூன்றாம் பாகம் ஒரு குரலோடு முடிகிறது. ஆடியவனுக்கு உலகமே முடிகிறது. இரண்டு பேரும் ஆடியது வெவ்வேறு கதை.

பயம் திரும்பியது என்கிறீர்கள். மூன்றாம் பாகத்தின் குறைகள் எல்லாம் இதிலும் அப்படியே இருக்கின்றனவே. எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா. முதல் பாகத்தில் பிளாஸ்மா கட்டர் என்ற வெட்டும் கருவிக்குத் தோட்டா இருக்கும், கையில் இருப்பதோ வேறு துப்பாக்கியாக இருக்கும். அந்தத் தவிப்பே பாதிப் பயம். அதை எடுத்துவிட்டார்கள். பட்டறையில் நாமே கோத்துக்கட்டிய பெரிய துப்பாக்கியோடு உள்ளே போனால் எதிரே வருவது எதுவாக இருந்தால் என்ன?

பனித்தடம்

தோட்டா விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதனால்தான் இந்த முறை ஒன்று செய்து பார்த்தேன். சேர்த்து வைத்த பெரிய துப்பாக்கிகளைத் தொடவே இல்லை. சாதாரண பிளாஸ்மா கட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போனேன். அவேக்கண்டின் இருட்டான தாழ்வாரங்கள் அப்போதுதான் வேலை செய்தன. செய்து பாருங்கள், வேறு விளையாட்டு ஆடுவதுபோல இருக்கும்.

அப்புறம் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் பாகத்தில் பிளாஸ்மா கட்டர் கிடைக்கும் இடத்தில் சுவரில் ரத்தத்தால் எழுதியிருக்குமே, கைகால்களை வெட்டு என்று. இந்தத் தொடர் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. தலையைச் சுடாதே, உறுப்பை வெட்டு. மூன்று பாகமாக அதையே செய்து பழகிவிட்டோம். அவேக்கண்டில் வரும், மார்க்கரைக் கும்பிடும் யூனிடாலஜி மதத்தின் பிரிவினர் தங்கள் உடம்பைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். நிலாக்களுக்குக் காணிக்கையாகச் சதையைக் கொடுக்கிறார்கள். இத்தனை நாள் என் கருவி செய்த வேலையை ஒருவர் பக்தியோடு தனக்கே செய்துகொண்டு நிற்பதை முதல்முறை பார்த்தபோது நான் சுடவில்லை. ஒரு நொடி பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாம் பாகத்தில் துப்பாக்கி ஏந்தி மறைவில் பதுங்கிச் சுடும் மனிதர்கள் வந்தார்களே, அவர்களிடம் இது துளியும் கிடையாது. அவர்கள் எந்தப் போர் விளையாட்டிலும் இருக்கக்கூடியவர்கள்.

கார்வர்பக்கம்

நான் எப்போதும் கார்வராகவே ஆடுபவன், பெயரைப் பார்த்தாலே தெரியும். என் அண்ணன் ஐசக், நான் கார்வர். மூன்றாம் பாகத்தையும் அவேக்கண்டையும் அப்படித்தான் முடித்தோம். தனியாக ஆடியவர்கள் கார்வரைக் காட்சிகளில் மட்டும் பார்த்திருப்பீர்கள். மற்ற நேரத்தில் ஆளே காணோம். அந்த ஒரு காரணத்தாலேயே இந்தச் சண்டை உங்களுக்குப் பாதிதான் உறைத்திருக்கும்.

மூன்றாம் பாகத்தில் கோ-ஆப்பில் (இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது) மட்டும் திறக்கும் துணைப் பணிகள் உண்டு. அதில் கார்வர் ஆடுபவரின் திரையில் தெரிவது ஐசக் ஆடுபவரின் திரையில் தெரியாது. ஒரு அறைக்குள் போகிறோம். என் திரையில் பொம்மைச் சிப்பாய்கள் நிற்கின்றன. நான் "இந்தப் பொம்மை ஏன் இங்கே இருக்கிறது" என்று கேட்கிறேன். பக்கத்தில் அண்ணன் "எந்தப் பொம்மை?" என்கிறான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். எழுந்து போய் அவன் திரையைப் பார்த்தேன். வெறும் அறை. அந்த நேரத்தில் முதுகில் ஒரு குளிர் ஓடியது பாருங்கள், அதை எந்த நெக்ரோமார்ஃபும் (பிணத்திலிருந்து எழும் மிருகம்) எனக்குத் தந்ததில்லை. கார்வரின் மனைவியும் மகன் டிலனும் செத்துப்போனவர்கள். அந்தத் துக்கம் என் திரையில் மட்டும் நடக்கிறது. கூட இருப்பவனுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது நான்.

இதையெல்லாம் தாண்டி அவேக்கண்டுக்கு வந்தோம். ஐசக்கும் கார்வரும் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் வாக்குவாதம் செய்யும்போது நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை "எந்தப் பொம்மை?" என்று கேட்டவன் அவன். இப்போது நான் பார்ப்பதை அவன் பார்க்கிறானா என்று எனக்கு உறுதியில்லை. அவேக்கண்டை மதிப்பிட வேண்டுமென்றால் இரண்டு பேராக ஆடிவிட்டு மதிப்பிடுங்கள் என்பேன்.

முதல்பாகம் அண்ணா, விலையைப் பற்றிய உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இது மூன்றாம் பாகத்தின் உள்ளேயே இருந்திருந்தால், 19 அத்தியாயம் ஆடிக் களைத்த பிறகு கடைசி இரண்டு மணி நேரமாக வந்திருக்கும். இவ்வளவு கூர்மையாக இறங்கியிருக்குமா? எனக்குச் சந்தேகம்.

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் 2023 ஜனவரியில் மோட்டிவ் ஸ்டுடியோ செய்த முதல் பாகத்தின் ரீமேக்கை ஆடித்தான் இந்தத் தொடருக்குள் வந்தேன். இரண்டாம் பாகம் முடித்துவிட்டேன். மூன்றாம் பாகம் மோசம் என்று நிறையப் பேர் சொல்வதால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். அவேக்கண்டை மட்டும் தனியாக ஆடினால் புரியுமா? ஸ்பாய்லர் ஏற்கெனவே படித்துவிட்டேன், பரவாயில்லை.

பனித்தடம்

வாங்க. தனியாக ஆட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கதை புரியாமல் போகாது, ஆனால் களைப்பு வராது. பனியில் அத்தனை தூரம் நடந்து, எல்லியை அனுப்பிவைத்து, சாகத் துணிந்து, செத்துவிட்டோம் என்று நம்பிய இரண்டு பேர் மறுபடி எழுந்து நிற்கிறார்கள். அந்தச் சலிப்பு உங்களுக்கும் இருக்க வேண்டும். மூன்றாம் பாகம் மோசம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீரற்றது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் பழைய கப்பல்கள் மிதக்கும் விண்வெளிப் பகுதி ஒன்று வரும். உடைந்த கப்பல்களுக்கு நடுவே மிதந்து போகும் அந்தச் சில மணி நேரம் தொடரின் மிக நல்ல பகுதிகளில் ஒன்று. டெர்ரா நோவாவை அங்கேதான் முதலில் பார்ப்பீர்கள். அவேக்கண்டில் அதற்கே திரும்பிப் போகும்போது முன்பு நடந்த இடங்களை வேறு மனநிலையில் நடப்பீர்கள். அதற்காகவாவது முழுதாக ஆடுங்கள்.

ஆழ்கடல்விளக்கு

இழையைக் கொஞ்சம் அகலப்படுத்தலாமா? குட்டி டிஎல்சி-யில் என்ன செய்ய முடியும் என்பதற்கு என் அளவுகோல் பயோஷாக் 2-க்கு 2010 ஆகஸ்டில் வந்த மினர்வாஸ் டென். அதை ஸ்டீவ் கேனர் தலைமையில் ஒரு சின்னக் குழு செய்தது. அதில் வேலை செய்தவர்கள் பிறகு சொந்தமாக ஸ்டுடியோ தொடங்கிக் கான் ஹோம் செய்தார்கள். நான்கைந்து மணி நேரத்தில் ஒரு மனிதரின் கதையைத் தொடங்கி, திருப்பி, முடித்துவிட்டார்கள். முதன்மைக் கதைக்கு அது எந்தக் கடனும் வைக்கவில்லை, எந்தக் கடனையும் அடைக்கவும் இல்லை. முதல்பாகம் சொல்லும் 'பக்கவாட்டுக் கதை'க்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் முடிவை டிஎல்சி-யில் வைப்பது எப்போதுமே தவறு என்பதை ஏற்க மாட்டேன். நான்கு பேர் சேர்ந்து ஆடும் லெஃப்ட் 4 டெட் ஞாபகம் இருக்கிறதா? 2010 ஏப்ரலில் இரண்டாம் பாகத்துக்கு தி பாஸிங் வந்தது. அதில் பழைய குழுவின் பில் செத்துக் கிடப்பார். எப்படிச் செத்தார் என்று அப்போது சொல்லவில்லை. அக்டோபரில் தி சாக்ரிஃபைஸ் வந்தபோதுதான் அந்த நாளையே நாம் ஆடினோம். பாலத்தைத் தூக்க ஒருவர் இறங்கிப் போக வேண்டும். போனவர் திரும்ப மாட்டார். கதைப்படி அது பில். ஆனால் ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். நான்கு நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, "நான் போகிறேன்" என்று யார் சொல்வது என்று காத்திருந்த அந்தச் சில நொடிகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று எங்களில் மிகக் குறைவாகப் பேசும் நண்பர் ஒன்றும் சொல்லாமல் குதித்துவிட்டார். முடிவு தெரிந்திருந்தும் அது குறையவில்லை. சின்ன அளவாக இருந்ததால்தான் ஒரே ஒரு செயலைச் சுற்றி அதைக் கட்ட முடிந்தது.

அவேக்கண்டிலும் அதே பலம் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி, இரண்டு மணி நேரம், வேறு எதுவும் இல்லை.

முதல்பாகம்

ஆழ்கடல்விளக்கு, தி சாக்ரிஃபைஸ் உதாரணம் நல்லது, ஆனால் அது பொருந்தவில்லை. பில் செத்தாலும் தொடர் அங்கே நிற்கவில்லை. அவேக்கண்டுக்குப் பிறகு இந்தக் கதை ஒரு அடிகூட நகரவில்லை. 2017 அக்டோபரில், தொடரைச் செய்த விசரல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். 2023-இல் வந்ததும் முதல் கதையின் ரீமேக்தான். ஆக, ஐசக் க்ளார்க்கின் வாழ்க்கை ஒரு டிஎல்சி-யின் கடைசி நிமிடத்தில் அந்தரத்தில் நிற்கிறது. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. முதல் பாகத்தில் முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாத, பேசாத ஒரு எஞ்சினியரோடு தொடங்கிய உறவு இது. அவருக்கு ஒரு நிம்மதியான முடிவு வேண்டும் என்று கேட்கவில்லை. முழுதான முடிவு வேண்டும்.

இன்னொன்று. டிஎல்சி-க்குள் வைக்கும் கதைக்குப் பாதுகாப்பும் குறைவு. ஃபியர் என்ற திகில் விளையாட்டின் முதல் பாகத்துக்கு 2006-இல் டைம்கேட் செய்த எக்ஸ்ட்ராக்‌ஷன் பாயிண்ட் வந்தது. 2009-இல் மோனோலித் ஃபியர் 2 செய்தபோது அது நடக்கவே இல்லை என்பதுபோல் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதை ஆடி, அதில் வந்த சாவுகளுக்கு வருத்தப்பட்டவர்களுக்கு என்ன பதில்?

கார்வர்பக்கம்

இதில் உங்களோடு நிற்கிறேன் அண்ணா. தி காலிஸ்டோ ப்ரோட்டோகால் ஆடியபோது எனக்கும் இதே வலி வந்தது. டெட் ஸ்பேஸ் முதல் பாகத்தைச் செய்த க்ளென் ஸ்கோஃபீல்ட்தான் அதன் இயக்குநர். கேம் 2022 டிசம்பரில் வந்தது. கதை பாதியில் நின்றது. 2023 ஜூனில் ஃபைனல் ட்ரான்ஸ்மிஷன் என்ற டிஎல்சி-யில் நாயகன் ஜேக்கப்பின் முடிவைக் கொடுத்தார்கள். சுத்தியலைச் சுழற்றிக்கொண்டு ஓடிய அத்தனையும் செத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் பிரமை என்று தெரிய வரும்போது ஒரு பக்கம் நெஞ்சு கனத்தது. இன்னொரு பக்கம், முதன்மை விளையாட்டை மட்டும் ஆடிவிட்டு நிறுத்தியவர்களுக்கு ஜேக்கப் இன்னும் உயிரோடு இருக்கிறாரே என்று தோன்றியது.

அவேக்கண்டில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தின் தலைவரோடு பிரமைக்குள் நடக்கும் சண்டைகள். திரை நிறம் மாறுகிறது, காதுக்குள் முணுமுணுப்பு கேட்கிறது, அவர் தோன்றி மறைகிறார். முதல் தடவை நன்றாகப் பயந்தேன். திரும்பவும் அதே வந்தபோது எங்கே நின்று எப்போது சுட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பிரமையைச் சுட்டு வீழ்த்த முடியும் என்று தெரிந்த உடனே அது பிரமையாக இல்லை, பாஸ் ஆகிவிட்டது. பொம்மைச் சிப்பாய்களை நான் சுடவில்லை. அவை என்னை எதுவும் செய்யவும் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கின்றன.

பனித்தடம்

அது மிகச் சரியான குறை. நானும் அதே இடத்தில்தான் சலித்தேன். பனிக்குள்ளும் கப்பலுக்குள்ளும் ஒன்றும் நடக்காமல் நடக்கும் நிமிடங்கள்தான் எனக்கும் அதிகம் வேலை செய்தன. ஹெட்போன் போட்டு ஆடியவர்களுக்குத் தெரியும். காற்றின் ஓசைக்கு அடியில் ஏதோ பேசுவதுபோல இருக்கும். நின்று கேட்டால் காற்று மட்டும்தான் கேட்கும்.

முதல்பாகம், கடைசி நிமிடம் பற்றி. நீங்கள் அந்தரம் என்கிறீர்கள். இந்த முறை எனக்கு அது அந்தரமாகத் தெரியவில்லை. பூமியின் சுற்றுப்பாதைக்கு வந்து சேர்கிறார்கள். ரேடியோவில் அழைக்கிறார்கள். ஒழுங்கான பதில் வரவில்லை. போவதா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டோமே, அந்தச் சண்டைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விட்டது. அவை முன்னாலேயே வந்துவிட்டன. ஜன்னலுக்கு வெளியே நிலா எழும்புகிறது, திரை கறுத்துவிடுகிறது. இதற்குப் பிறகு ஒரு நான்காம் பாகம் வந்து ஐசக் எப்படியோ தப்பித்தார் என்று காட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. 2013-இல் ஆடியபோது அடுத்த பாகத்துக்கான தூண்டில் என்று நினைத்துக் கோபப்பட்டவன்தான் நானும். இப்போது தூண்டில் தெரியவில்லை.

முதல்பாகம்

நீங்கள் சொல்லும் வாசிப்பு அழகாக இருக்கிறது. ஆனால் செய்தவர்கள் அதை முடிவு என்று நினைத்துச் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள், திரும்பி வர விடவில்லை. நாம் அந்தத் திறந்த கதவையே சுவர் என்று பழகிக்கொண்டோம். இருந்தாலும் சாதாரண கட்டரோடு ஒருமுறை ஆடிப் பார்க்கிறேன், அந்த யோசனை பிடித்திருக்கிறது.

புதுவரவு

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். பனித்தடம் சொன்னபடி முதலிலிருந்து ஆடினேன். மூன்றாம் பாகத்தை என் தங்கையோடு கோ-ஆப்பில் முடித்தேன். அவள்தான் கார்வர் வேண்டும் என்றாள். பொம்மைச் சிப்பாய் விஷயம் இங்கே படித்திருந்ததால் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டாள். நான் "எந்தப் பொம்மை?" என்றேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

அவேக்கண்டை நேற்று இரவு முடித்தோம். நடுவில் ஐசக்கும் கார்வரும் சண்டை போடும்போது, இப்போதே எஞ்சினை நிறுத்திவிட்டு இங்கேயே இருந்துவிடலாமே, யாருக்கும் ஆபத்து இல்லையே என்று அவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தத் தேர்வை விளையாட்டு நமக்குத் தரவில்லை. அடுத்த பணி எஞ்சினைக் கிளப்புவது என்று வந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நான்தான் அழுத்தினேன்.

செவர்டு ஆட வழி இருக்கிறதா? என்னிடம் இருப்பது கம்ப்யூட்டர் மட்டும்தான்.

முதல்பாகம்

அது பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் மட்டும்தான் வந்தது, கம்ப்யூட்டருக்கு வரவில்லை. யாரிடமாவது பழைய கன்சோல் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கேப் வெல்லரைப் பார்ப்பதற்கு முன் எக்ஸ்ட்ராக்‌ஷன் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள், லெக்ஸின் யார் என்று தெரிந்து ஆடினால்தான் அந்த ஓட்டம் புரியும்.